காந்தமும் காந்தலும்

ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் என் தம்பி கோமதிநாயகத்தை லண்டனிலிருந்து கையோடு கூட்டிவந்துவிட வேண்டும். வராவிட்டால் செல்லம்மாவுக்கு வேறு இடம் பார்ப்பதாக மாமா தீர்த்துச் சொல்லிவிட்டார். செல்லம்மா அவர் மகள். சின்ன வயதிலேயே தம்பிக்கென்று பேசி வைத்த பெண். பாளையங்கோட்டையில் ஒரு காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று மாமாவே விசாரித்து வைத்திருந்தார். கப்பல் செலவும் அவருடையதுதான். ஆகவே ஊர் சுற்றிப் பார்க்கிற எண்ணத்தோடு நான் புறப்படவில்லை. போனவன் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்பதால் பார்த்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்பா இறந்ததும் சங்கரன்கோவில் பஜாரில் எங்கள் மிளகாய் மண்டியில் உட்கார்ந்துவிட்டேன். தம்பிக்குப் படிப்பு வந்தது. உள்ளூரில் பள்ளிக்கூடம், திருநெல்வேலியில் இன்டர், சென்னையில் ஆனர்ஸ், பிறகு உபகாரச் சம்பளத்தில் லண்டன் போய் ஆறு வருஷம். கடிதம் போட்டால் சுகம் விசாரிப்பான், செல்லம்மா என்ன படிக்கிறாள் என்று கேட்பான். எப்போது வருகிறாய் என்ற கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பதில் எழுதுவான்.

அங்கே என்ன வேலை என்பதற்கு ஒருமுறை, "காந்தத்தால் தீயைப் பிடித்து நிறுத்துகிற வேலை" என்று எழுதியிருந்தான். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரு காது மந்தம். காந்தம் என்றது காந்தல் என்று விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் காந்தல் என்றால் எரிச்சல். புண்ணும் காந்தும், வயிறும் காந்தும், மிளகாய் கிள்ளிய கையும் காந்தும். "எம் புள்ள அங்கன தீயில கெடந்து காந்துதானா?" என்று அன்றைக்குப் பிடித்த பயம் அவளை விடவில்லை. நான் எவ்வளவோ விளக்கினேன். விளக்குகிற எனக்கே விளங்காததால் எடுபடவில்லை. நான் புறப்படும்போது உடம்புச் சூட்டுக்கு வெந்தயம், தலைக்கு விளக்கெண்ணெய், நெற்றிக்குக் கோவில் புற்றுமண் என்று பெட்டியில் பாதியை அவளே நிரப்பினாள். மீதிப் பாதியில் நான் மிளகாய் வற்றலை வைத்தேன்.

கப்பலைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஏடன் வரை படுத்தே கிடந்தேன். அதற்குப் பிறகு, கப்பலுக்கு ஒன்று ஆனால் எந்தப் படகில் ஏறுவது என்று பார்த்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை.

இறங்கிய இடத்தில் சுங்கக்காரர் புற்றுமண் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தார். இது என்ன என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "காட் மட், சார்" என்றேன். அவர் அதைத் திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பொட்டலத்தையும் என் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதையாக மடித்துக் கொடுத்தார்கள். விளக்கெண்ணெயைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்த பிறகு அந்தச் சந்தேகமும் தீர்ந்தது.

தம்பி ரயிலடிக்கு வந்திருந்தான். மேலே கோட்டு, உள்ளே ஊரில் பார்த்த அதே ஒல்லி உடம்பு. வேலைக்காரன் போல என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்கப் போனவன், அது லண்டன் என்று ஞாபகம் வந்து கையில் பிடித்துக்கொண்டான். வழியிலேயே நான் விஷயத்தை எடுத்தேன். மாமாவின் கெடுவைச் சொன்னேன். "வெள்ளிக்கிழம கழியட்டும் அண்ணே" என்றான். வெள்ளிக்கிழமை என்ன என்று கேட்டதற்கு, மழை வரும் போலிருக்கிறது என்றான்.

அவன் இருந்தது ஒரு விதவையம்மாள் வீட்டு மாடியில் ஒற்றை அறை. மூலையில் கேஸ் அடுப்பு. பக்கத்தில் ஒரு பெட்டி. அதன் வாயில் காசு போட்டால்தான் அடுப்பு எரியும். அம்மாள் கொடுத்த இராத்திரிச் சாப்பாடு அவித்த உருளைக்கிழங்கும் அவித்த முட்டைக்கோஸும். உப்பைத் தனியாக ஒரு குப்பியில் வைத்திருந்தார்கள். நாம் சாப்பாட்டில் செய்கிற வேலையையெல்லாம் அங்கே சாப்பிடுகிறவன் செய்துகொள்ள வேண்டும். எதில் என்ன கொழுப்பு கலந்திருக்குமோ என்ற பயத்தில் நான் வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமை சாயங்காலம், அவனுக்கு ஒரு துவையலாவது அரைத்துக் கொடுக்கலாம் என்று வாணலியில் வற்றலைப் போட்டேன். குளிருக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. எனக்கு மண்டியிலேயே வளர்ந்த மூக்கு, நெடி தெரியவில்லை. கீழே முதலில் ஒரு தும்மல் கேட்டது, பிறகு இருமல், பிறகு ஓடுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் வீட்டுக்கார அம்மாள் ஏப்ரனோடு தெருவில் நிற்கிறாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். தம்பி அணு சம்பந்தமான வேலை பார்க்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். "நான் அப்போதே நினைத்தேன், அந்தக் கருமத்தை இவன் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவருவான் என்று" எனக் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தாளாம். கண்ணீர் மிளகாயினால் வந்தது. தம்பி வேலையிலிருந்து திரும்பி வந்து ஒரு வற்றலை நீட்டிக் காட்டி விளக்கிய பிறகுதான் எல்லோரும் வீட்டுக்குள் போனார்கள். துவையல் மட்டும் பாதியில் நின்றது. பெட்டியில் காசு தீர்ந்து அடுப்பு அணைந்துவிட்டது.

வியாழக்கிழமை அவன் வேலை செய்யும் இடத்துக்கு என்னை வரச் சொல்லியிருந்தான். பஸ் நம்பரும் இறங்குமிடமும் சொல்லிக் கொடுத்தான். மாடி பஸ். எனக்கு மாடியில் உட்கார ஆசை, கவிழுமோ என்று பயம், கீழேயே உட்கார்ந்தேன். டிக்கெட் கொடுக்கிறவள் ஒரு பெண். என்னைப் பார்த்து "லவ்" என்று கூப்பிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அடுத்த முறை அவள் வந்தபோது வேறு சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன். அங்கேயும் வந்து அதே வார்த்தையைச் சொல்லி மீதிக் காசைக் கொடுத்தாள். இந்தக் கலவரத்தில் இறங்குமிடம் போய்விட்டது. பஸ் நிற்க வேண்டுமானால் ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்துத் தப்பாகி அபராதம் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று இழுக்காமலே போனேன். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கியதும் அவள் என்னைக் கையோடு கூட்டிப்போய் எதிர்ப் பக்கத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டு, டிரைவரிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நம்மூர்ல மக்கான்னு கூப்பிடுதோம்லா, அதாண்ணே அது." திருநெல்வேலி போகிற வழியில் பனவடலிசத்திரத்தில் ஒருவர் காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் பஸ்ஸை நிறுத்தி வைக்கிற நம்மூர்க் கண்டக்டரை நினைத்துக்கொண்டேன். கயிறு இல்லாத பஸ்தான் எனக்குச் சரி.

அவன் வேலை செய்தது ஒரு யுனிவர்சிட்டியின் நிலவறையில். சூரியனையே பிடிக்கப் போகிறார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்ததால் நான் பெரிய உலையை எதிர்பார்த்துப் போனேன். கிடந்தது ஒரு கண்ணாடிக் குழாய், நம் வீட்டு உலக்கை நீளம். இரண்டு முனையிலும் உலோக மூடி. சுற்றிலும் செம்புக் கம்பி. சுவர் ஓரமாகத் தகரப் பெட்டிகள் அடுக்கடுக்காக. அவற்றில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் குழாய்க்குள் விடுவார்களாம். கூட வேலை செய்யும் பீட்டர் என்ற வெள்ளைக்காரப் பையன் என் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லி ஜாடை காட்டினான். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். குழாயில் ஊதா நிறத்தில் ஒரு வெட்டு. கண் சிமிட்டுவதற்குள் ஒன்றும் இல்லை. இதற்காகவா ஆறு வருஷம் என்று தோன்றியது.

மத்தியானம் பக்கத்துப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். அவனாகவே சொல்லத் தொடங்கினான். தண்ணீரில் இருக்கிற ஒரு வாயுவில் கனமான ஜாதி ஒன்று உண்டாம். அதைத் தாங்க முடியாத சூட்டுக்குக் கொண்டுபோனால் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு வெப்பத்தைக் கக்குமாம். சூரியன் எரிவது அப்படித்தானாம். ஆனால் அந்தச் சூட்டை எந்தப் பாத்திரமும் தாங்காது.

"அடுப்பு இருக்கு, அரிசி இருக்கு. பானைதான் கெடையாது. பானையக் காந்தத்துல செய்யணும்ணே. மின்சாரம் ஓடுனா அதைச் சுத்திக் காந்தம் வந்துரும். அது நாலு பக்கமும் நெருக்கி, தீ கண்ணாடியத் தொடாமப் பாத்துக்கிடும்."

அது அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை என்பதுதான் அவன் முதல் மூன்று வருஷத்து வேலையாம். தீ பாம்பு போல நெளிந்து போய்ச் சுவரைத் தொட்டு அணைந்துவிடும். அது ஏன் நெளிகிறது, எப்படி நேராக நிற்க வைப்பது என்று எழுதித்தான் டாக்டர் பட்டம் வாங்கினான். இந்தக் குழாய் அவன் கணக்குப்படி கட்டியது. போன மாசியில் அதிலிருந்து நியூட்ரான் என்ற துகள்கள் தெறித்தன. வாயு உண்மையிலேயே ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். புரொபசருக்கு ஒரே சந்தோஷம். அதை வைத்துப் பெரிய யந்திரம் ஒன்று கட்டப் பணம் கேட்டிருந்தார்கள். கிடைத்தால் தம்பிக்கு அதில் நல்ல உத்தியோகம்.

"அப்ப நல்ல சேதிதானல?" என்றேன்.

"அது பொய்யிண்ணே."

அவன் நிதானமாகச் சொன்னான். "ஆடித்தபசுக் கூட்டத்த நெனச்சுக்கோ. கூட்டம் முழுக்க நெருக்கித் தள்ளுனா எல்லாத் திசையிலயும் ஒண்ணுபோலத்தான் தள்ளும். ஒருத்தன் மட்டும் குடிச்சிட்டு ஒரே பக்கமா ஓடியாந்தா, அந்தப் பக்கம் நிக்கவனுக்குத்தான் பலமா இடி விழும். குழாய்க்கு ரெண்டு முனையிலயும் வச்சு அளந்து பாத்தேன். ஒரு பக்கம் நியூட்ரான் வேகமா வருது, மறுபக்கம் மெதுவா வருது. கூட்டம் சூடாகல. எவனோ நாலு பேரு ஓடுதான்." பிறகு சிரித்தான். "அம்மாட்ட சொல்லு. காந்தம் இருக்கு, காந்தல்தான் வரல."

எனக்கு அன்றைக்குத்தான் அவன் வேலை விளங்கியது. விளங்கியதும் பயம் இரட்டித்தது. இது யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது, திரும்பத் திரும்ப அளந்து நிச்சயம் செய்துகொள்ளக் காத்திருந்தானாம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்போகிறான்.

நான் அப்போது சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். "ஏலே, நீ எதுக்குச் சொல்லணும்? இன்னைக்கே மூட்டையக் கெட்டு. அம்மைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டுக் கெளம்பிருவோம். பாளையங்கோட்டையில வேலை இருக்கு, ஊர்ல செல்லம்மா இருக்கா. பின்னால எவனாவது கண்டுபிடிச்சிட்டுப் போறான்."

அவன் கோபப்படவில்லை. பீட்டர் தன் கணக்கையெல்லாம் அந்தப் பொய்யின் மேல் கட்டிக்கொண்டிருக்கிறான் என்றான். "அவன் புதுசாக் கல்யாணம் பண்ணுனவன். இன்னும் ரெண்டு வருஷம் உழைச்சிட்டு இடிஞ்சு உக்காருவாம்ணே. நான் பாளையங்கோட்டையில நின்னு பையங்களுக்கு என்னத்தச் சொல்லிக்குடுப்பேன்?"

மாமாவிடம் என்ன பதில் சொல்வது என்பதுதான் அறைக்குத் திரும்புகிற வரைக்கும் என் கவலை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நானும் போனேன். கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். முப்பது பேர் இருக்கும். புரொபசர் உயரமான கிழவர், கம்பளி ஸ்வெட்டரில் முழங்கை கிழிந்திருந்தது. எங்கள் பஜாரில் அப்படி ஒருவர் வந்தால் கடன் கொடுக்க மாட்டார்கள். தம்பி கரும்பலகையில் படம் போட்டான். இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை, முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பீட்டரின் முகம் வெளுத்தது. எனக்கு முன்னால் இருந்த இருவர் குசுகுசுவென்று பேசுவதை நிறுத்தினார்கள். தம்பி கையில் சாக்பீஸ் ஒடிந்தது. குனிந்து எடுக்காமல் கையில் மிஞ்சிய துண்டை வைத்தே எழுதி முடித்தான்.

புரொபசர் ஏதோ கேட்டார், இவன் பதில் சொன்னான். இன்னொன்று கேட்டார். பிறகு எழுந்து பலகைக்கு வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்து நானும் எழுந்துவிட்டேன். அவர் தம்பி எழுதியதை விரலால் தொட்டுத் தொட்டு ஒரு வரி விடாமல் பார்த்தார். மூலையில் அவர் கையால் முன்னமே எழுதியிருந்த ஒரு கணக்கை அந்தக் கிழிந்த முழங்கையாலேயே அழித்தார். இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மனசுக்குள் ஒரு ஓரத்தில், சரி, இனி ஊருக்கு வந்துதானே ஆக வேண்டும் என்ற நிம்மதியும் இருந்தது.

தம்பி டீக் கோப்பையோடு வந்தான். தட்டில் டீ சிந்தியிருந்தது. புரொபசர் முதலில், இதை எத்தனை தடவை அளந்தாய் என்றாராம். அடுத்து, தப்பு உன்னுடைய கருவியில் இல்லை என்பது எப்படித் தெரியும் என்றாராம். பலகையை அழித்த பிறகு சொன்னது இது: "நல்லது, எது இல்லை என்று தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை புதுக் குழாய்க்குப் படம் போட்டுக்கொண்டு வா."

பெரிய யந்திரத்துக்குக் கேட்ட பணம் இனி வராது. ஆனால் தம்பிக்கு இன்னும் இரண்டு வருஷம் சம்பளம் நீட்டிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"பொய்யாப் போனதுக்கா நீட்டிக்காரு?" என்றேன்.

"ஆமாண்ணே" என்றான். அவனுக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பீட்டர் அன்று முழுக்க இவனோடு பேசவில்லை. மறுநாள் காலையில் எங்கள் மாடி அறைக்கு வந்தான். காகிதத்தைக் கட்டிலில் விரித்துப் போட்டுக்கொண்டு இருவரும் வாதாட ஆரம்பித்தார்கள். வீட்டுக்கார அம்மாள் மூன்று பேருக்கும் கஞ்சி கொண்டுவந்தாள். ஓட்ஸ் என்கிற தானியம். சர்க்கரை போட்டால் சாப்பிடலாம்.

நான் பிறகு அவனை அதிகம் வற்புறுத்தவில்லை. செல்லம்மா விஷயம் மட்டும் கேட்டேன். அவன் ரொம்ப நேரம் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "காத்திருன்னு கேக்க எனக்கு வாயில்ல. மாமாட்ட நடந்தத நடந்தபடி சொல்லு. அவ வேற எடத்துக்குப் போயிட்டான்னா, எனக்கு வருத்தமா இருக்கும்ணே. அதையும் சொல்லு."

திரும்பி வருகிற கப்பலில் படகுகளை நான் கவனிக்கவில்லை. மாமாவிடம் எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பதிலேயே கடல் முடிந்துவிட்டது. டாக்டர் பட்டத்தில் ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன், சம்பளத்தை நீட்டித்ததில் ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். எதில் ஆரம்பித்தாலும் அவன் வரவில்லை என்பதில்தான் போய் நின்றது.

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் தபசுக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மாமா இரண்டு மாலையோடு நின்றார். எனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று வண்டி நகர்கிற வரைக்கும் பார்த்தார்.

"எங்கவே அவன்?"

கப்பலில் அடுக்கி வைத்ததெல்லாம் கலைந்துவிட்டது. "வேலை தப்பாப் போச்சு மாமா. அதனால வரல" என்றேன்.

"வேலை தப்பாப் போனா வீட்டுக்குல்லா வரணும்? என்னவே சொல்லுதீரு?"

பிளாட்பாரத்திலேயே நின்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். குழாய், கூட்டம், சாக்பீஸ் ஒடிந்தது, இரண்டு வருஷம், அவனுக்கு வருத்தமாக இருக்கும் என்று சொல்லச் சொன்னது எல்லாம். மாமாவுக்குப் பருத்தித் தரகு. நியூட்ரானில் அவர் கவனம் நிற்கவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் என்னை நிறுத்தினார்.

"தன் சரக்கு சொத்தைன்னு அவனே சொன்னானா?"

"ஆமா மாமா."

"படியளக்கவன் முன்னாலயே வச்சா?"

"எல்லாரு முன்னாலயும் வச்சுத்தான். நான் அங்கனதான் இருந்தேன்."

மாமா மாலைகளைப் பார்த்தார். ஒன்றை என் கழுத்தில் போட்டார். மற்றதை என்ன செய்வது என்று தெரியாமல் தன் கையிலேயே சுற்றிக்கொண்டார். செல்லம்மா டீச்சர் டிரெயினிங் படிக்கணும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதை முடிக்கட்டும், ரெண்டு வருஷம் சரியாகத்தான் இருக்கும் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். கேட்டதும் என் பயம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

"அடுத்த குழாயும் இப்படியே ஆயிட்டா என்ன மாமா செய்யது?"

மாமா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

"அதையும் அவனே சொல்லுவாம்லா. வாரும்வே."